ஓடையை மூடிய வருஷம்

கண்ணா,

நீ தமிழை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மழைக்காலமே வந்துவிடும். அதனால் இந்தக் கடிதத்தை உன் மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல். கோயம்புத்தூர்க்காரி, தடங்கல் இல்லாமல் படிப்பாள். மருமகள் வாயால் இதையெல்லாம் வாசிக்க வைக்க வேண்டுமா என்று நிறைய யோசித்தேன். மாமியாரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கிற பெண், அது கெட்டுப்போகும். கெட்டால் கெடட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ நடுவில் "சோட் நா, விடும்மா" என்பாய், நானும் அதையே சாக்காக வைத்து விட்டுவிடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். போன வருஷம் ஊரையே முடக்கிப் போட்ட சிக்குன்குனியா என் விரல் முட்டிகளை இன்னும் விடவில்லை. கொஞ்சம் எழுதினால் கையை உதறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அவளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தப் பதில். "அம்மா, எங்க சைட்ல நாலா, அந்த ஓடை ஓரமா ஜோப்டி, குடிச போட்டுட்டு இருக்காங்கல்ல, அவங்க எல்லாம் தமிழ் லோக். மழைக்கு முன்னாடி அங்க மண்ணு கொட்டி லெவல் பண்ணணும். ஹிந்தில சொன்னா தலைய ஆட்டறாங்க, நகர மாட்டேங்கறாங்க. என் தமிழ் அவங்களுக்குப் புரியல. நீ ஒரு தடவ வந்து ரெண்டு வார்த்த பேசு, போதும். நிக்டில பண்ணியே, அந்த மாதிரி." நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

நிக்டியில் நான் பண்ணினது உனக்குக் கதையாகத்தான் தெரியும். உன் அப்பாவுக்குப் பிடித்த கதை. யார் வீட்டுக்கு வந்தாலும், பேச்சு கொசுவில் ஆரம்பித்தாலும் குடித்தண்ணீரில் ஆரம்பித்தாலும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார். "இவ ரெண்டே வார்த்ததான் பேசினா. அத்தன பேரும் மூட்ட முடிச்சோட கிளம்பிட்டாங்க. காய்ச்சலும் அவங்க கூடவே போச்சு." உன் கல்யாண வரவேற்பில் சம்பந்திகளிடமும் சொன்னார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் நின்று சிரித்தேன். அப்பா பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த வாரம்தான் அவரிடம் முழுதாகச் சொன்னேன். டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்து, "விடு, அவன்கிட்ட எதுக்கு இப்ப இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி டிவியைப் போட்டுக்கொண்டார். அவருக்கு அவருடைய கதை போய்விட்ட வருத்தம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் நிக்டி வீட்டுக்குக் குடிபோனபோது உனக்குப் பத்து வயது இருக்கும். போசரியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், முக்கால்வாசி மராத்திக்காரர்கள், சேர்ந்து கட்டிக்கொண்ட சொசைட்டி அது. கட்டடங்களுக்குப் பின்னால் சரிவு, சரிவின் மேலே குன்று. குன்றிலிருந்து ஓர் ஓடை இறங்கி நம் காம்பவுண்டை உரசிக்கொண்டு போகும். மழையில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும், பொங்கல் வரைக்கும் கணுக்கால் நனைகிற அளவுக்காவது தண்ணீர் இருக்கும். நீ டப்பாவில் குஞ்சு மீன் பிடித்துக்கொண்டு வருவாய், நான் திட்டிக்கொண்டே அதைத் திரும்ப விட்டுவிட்டு வரச் சொல்வேன். ஓடைக்கு மேற்பக்கம் நீல பிளாஸ்டிக் போட்ட குடிசைகளில் கல் உடைக்கிறவர்கள் இருந்தார்கள். நம் அஸ்திவாரத்துக்கும் காம்பவுண்டுக்கும் கல் உடைத்துக் கொடுத்தவர்களே அவர்கள்தான். நம் வேலை முடிந்ததும் அடுத்த காலனிக்கு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஒருத்தி அஞ்சலை. நம் வீட்டுப் பின்பக்கக் குழாயில் குடம் பிடிக்க வருவாள். "நீங்க எந்தூரு யக்கா?" என்று முதல் நாளே கேட்டாள். ஆரணி என்றேன். "அய்ய, நாங்க போளூரு பக்கந்தான்" என்று குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஒரே பஸ்ஸில் போகிற ஊர்க்காரர்கள் இத்தனை தூரம் வந்து ஒரு குழாயடியில் பார்த்துக்கொண்டோம். ரசம் மீந்தால் கொடுப்பேன். அவள் குன்றில் பறித்த கீரையைக் கொண்டுவந்து வைப்பாள். இதை எழுதும்போது நான் ஏதோ நல்லவள் மாதிரித் தெரிகிறது. அப்படித் தெரிய வேண்டாம், மேலே படிக்கச் சொல்.

கணபதி பந்தல் போட இடம் இல்லை, ஸ்கூட்டர் நிறுத்த இடம் இல்லை என்று சொசைட்டியில் பேச்சு எழுந்தது. ஓடையை மூடிவிட்டால் நல்ல மைதானம் கிடைக்கும் என்று கமிட்டி முடிவு செய்தது. குன்றிலேயே பள்ளம் பள்ளமாக வெட்டி முரூம் எடுத்து, அந்தச் சரளை மண்ணை லாரி லாரியாக ஓடையில் கொட்டினார்கள். அடியில் ஒரு பெரிய குழாய் போட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். மழைத் தண்ணீர்தானே, எப்படியாவது வழி பார்த்துப் போய்விடும் என்று அதை விட்டுவிட்டார்கள். கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். தீர்மானம் என்றால் கை தூக்குவதுதானே, மற்றவர்கள் தூக்கினார்கள், நானும் தூக்கினேன்.

மழை வந்தது, தண்ணீர் வழி பார்த்துப் போகவில்லை. கொட்டின மண்ணுக்கு அந்தப் பக்கம் தேங்கி, குடிசைகளின் வாசல் வரைக்கும் அகலமாகப் பரவி நின்றது. குன்றில் வெட்டின பள்ளங்களும் நிறைந்தன. நமக்கு அது அழகாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் பின்பக்க வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நம்முடையது இப்போது லேக் வியூ பிளாட் என்று கேலி பேசிக்கொண்டோம். தண்ணீர் தெளிவாக, வாடை இல்லாமல் இருந்தது. சாக்கடைத் தண்ணீரில்தான் கொசு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அப்புறம் உனக்குக் குளிர் வந்தது. நாலு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினாய், பல் கிட்டித்தது. பிறகு நெருப்பாகக் காய்ந்தாய், பிறகு வியர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாய். சரியாகிவிட்டது என்று நினைத்தால், ஒரு நாள் விட்டு மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் நடுக்கம். ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்றார்கள். டாக்டர், "பக்கத்துல லேபர் கேம்ப் இருக்கா? அவங்கதான் ஊர்லேருந்து கொண்டுவர்றாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அன்றே அஞ்சலையிடம் இனிமேல் குழாய்க்கு வராதே என்று சொல்லிவிட்டேன். அவள் காலிக் குடத்தோடு திரும்பிப் போனாள்.

சொசைட்டியில் இன்னும் பலருக்கு வந்தது. குடிசைகளைக் கிளப்பிவிட வேண்டும் என்று கமிட்டி கூடியது. அவர்களுக்கு மராத்தி தெரியாது, ஹிந்தியும் அரைகுறை. சேர்மன் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "வஹினி, நீங்கள் வந்து பேசுங்கள்" என்றார். வஹினி, அதாவது அண்ணி, என்று அவர் என்னைக் கூப்பிடுவதில் எனக்கு ஒரு பெருமை. மதராசியாக இருந்தும் எவ்வளவு சுத்தமாக மராத்தி பேசுகிறாள் என்று அந்தப் பெண்கள் சொல்லிக் கேட்கவே நான் காய்கறிக்காரியோடு தேவையில்லாமல் பேரம் பேசிப் பழகினவள். ஹல்தி குங்குமத்துக்கு, நம் மஞ்சள் குங்குமம் மாதிரி, என்னையும் வீடு தேடி வந்து அழைக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் குடையை எடுத்துக்கொண்டு அவர்களோடு சரிவில் ஏறினேன். போகும்போது செக்ரட்டரி விளையாட்டாக, "உங்க ஆட்கள்தானே, வஹினி, நீங்க சொன்னா கேப்பாங்க" என்று மராத்தியில் சொன்னார். உங்க ஆட்கள் என்றது எனக்குச் சுருக்கென்றது. வழி முழுக்க அதையே மென்றுகொண்டு போனேன்.

என்னைப் பார்த்ததும் அஞ்சலை முகம் மலர்ந்து ஓடி வந்தாள். "யக்கா, நீங்களே வந்துட்டீங்களா. நல்லதாப் போச்சு. எங்க ஊட்டுக்காரருக்கு ஜொரம் யக்கா, எழுந்து நிக்க முடில. இன்னும் நாலஞ்சு பேரு இப்டித்தான் கெடக்கறாங்க. மழ உடற வரிக்கும் இருந்துட்டு நாங்களே போயிடறோம்னு சொல்லுங்க. ஒரு டாக்டர மட்டும் கூட்டியாரச் சொல்லுங்க. கால்ல வேணா உழறேன்னு சொல்லுங்க." உள்ளே சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓர் ஆள் கிடந்தான். சாக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. நீ நடுங்கின அதே நடுக்கம், நான் அதைப் பார்த்தேன்.

சேர்மன் என்னைப் பார்த்து, "காய் மணத்தாத், வஹினி?" என்றார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறார். நான், "ஜாத்தோ மணத்தாத்" என்றேன். போகிறோம் என்கிறார்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான், அப்பா சொல்கிற அந்த இரண்டு வார்த்தை இதுதான். பிறகு அஞ்சலை பக்கம் திரும்பி, "ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நாளைக்குள்ள கிளம்பிடுங்க" என்று தமிழில் சொன்னேன். கேட்காத கேள்விக்கு இல்லாத பதிலை நானே சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். சேர்மன் திருப்தியாகக் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, தெருநாய்க்குத் தினம் சப்பாத்தி போடுகிறவர். அவள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் டாக்டரை அனுப்பியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்குத் தோன்றும். உனக்காகப் பயந்துதான் என்று எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய், உன் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பயம் இருந்தது உண்மை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. அவர்களுக்காக நான் வாயைத் திறந்தால் அந்தச் சரிவில் இறங்கும்போது நானும் அந்தக் குடிசையிலிருந்து வந்தவள் ஆகிவிடுவேன். என் ஆட்கள் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இதை எழுதவே நாக்கூசுகிறது. எழுதுகிறவளுக்கு நாக்கு எங்கே வந்தது என்று கேலி செய்யாதே.

மறுநாள் கொட்டுகிற மழையில் ஒரு டெம்போவில் ஏறிப் போனார்கள். நோயாளிகளைக் கைத்தாங்கலாக ஏற்றினதை நம் வராந்தாவிலிருந்து பார்த்தேன். சொசைட்டியில் எனக்குப் பாராட்டு. அந்த வருஷக் கணபதி ஆரத்தியில் முதல் தட்டை என் கையில் கொடுத்தார்கள். வாங்கி ஆரத்தி காட்டினேன்.

அடுத்த மழையிலும் காய்ச்சல் வந்தது, அதை அப்பா கதையில் சேர்ப்பதே இல்லை. குடிசைகள் இல்லை, குட்டை இருந்தது. சேர்மனின் மருமகள் வயிற்றில் பிள்ளையோடு படுத்துவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் நீ பள்ளிக்கூட சயின்ஸ் புராஜெக்டுக்காகக் குட்டைத் தண்ணீரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து, வாயில் கொசுவலைத் துணி கட்டி, என் சமையலறை அலமாரியில் வைத்தாய். ஞாபகம் இருக்கிறதா? புழுக்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் படுத்த மாதிரி கிடந்தன. பிறகு கொசுவாகி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு துணியில் உட்கார்ந்தன. "அம்மா, இதுதான் மலேரியா கொசு. மிஸ் சொன்னாங்க. ஓடற தண்ணில இதுக்கு முட்டை நிக்காதாம், அடிச்சிட்டுப் போயிடுமாம், மீனும் தின்னுடுமாம்" என்று நீ சொன்னாய். நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். அது கருகினதுகூடத் தெரியாமல் நின்றேன். ஓடை ஓடின வருஷங்களிலும் அஞ்சலை வீட்டார் அங்கேதான் இருந்தார்கள், நமக்கு ஒன்றும் வரவில்லை. அவர்கள் ரத்தத்தில் காய்ச்சல் இருந்திருக்கலாம், டாக்டர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குக் கொண்டுபோகக் கொசு வேண்டும், கொசுவுக்குக் குட்டை வேண்டும். குட்டையைக் கட்டினவர்கள் நாம். முதலில் கடிபட்டவர்களும் அதன் கரையில் இருந்த அவர்கள்தான். அப்புறம் சொசைட்டி மண்ணைத் தோண்டிக் குழாய் போட்டது, பள்ளங்களை மூடியது, காய்ச்சல் குறைந்தது. உனக்குப் புராஜெக்டுக்குப் பரிசு கிடைத்தது. உன் பரிசைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு உள்ளே என்ன ஓடியது என்று நீ அறிய மாட்டாய்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். உன் கல்யாணத்துக்கு முன்னால் ஜாக்கெட் துணி எடுக்கக் கேம்ப் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாப் பக்கம் நடைபாதையில் முருங்கைக்காய் கட்டு வைத்து விற்றுக்கொண்டிருந்தவள், "யக்கா, நீங்க நிக்டி யக்காதானே?" என்றாள். தலை நரைத்திருந்தது, குரலில்தான் அடையாளம் தெரிந்தது. "உங்க புள்ள எப்டி இருக்குது? அந்த ஜொரம் வந்த புள்ள?" என்றுதான் முதலில் கேட்டாள். கல்யாணம் என்றேன். சந்தோஷப்பட்டாள். அவள் புருஷனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "அவரு அந்த மழையிலயே பூட்டாரு யக்கா. வேற சைட்டுக்குப் போற வழியில."  அப்புறம் சொன்னாள். "நீங்க எங்களுக்காக எவ்ளோவோ பேசினீங்க. அவுங்க மனசுதான் எறங்கல. எனக்கு பாஷ தெரியாட்டியும் உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிது யக்கா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்ம கையில என்ன இருக்கு, அஞ்சல" என்று சொன்னேன். ஒரு கட்டு முருங்கைக்காயை என் பையில் திணித்துக் காசு வேண்டாம் என்றாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாம்பார் வைத்தேன், நீ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அவளை விரட்டினது பாவம் என்றால், அந்த நன்றியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்ததை என்னவென்று சொல்வது? பிறகு பல தடவை கேம்ப் போய் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். வேறு யாரோ சீப்பும் கண்ணாடியும் விற்கிறார்கள். என்னை நல்லவள் என்று நம்பிக்கொண்டு இந்த ஊரில் ஒருத்தி இருக்கிறாள், நான் அவளிடம் இனிப் போய்ச் சொல்ல முடியாது.

நீ போன மாதம் சாப்பாட்டு மேஜையில் விரித்துக் காட்டிய வரைபடம் எனக்கு மறக்கவில்லை. பழைய தாளில் ஓடை நீலக் கோடாக இருந்தது, புதிய தாளில் அந்த இடத்தில் கார்டன் என்று எழுதிப் பச்சை அடித்திருந்தது. எனக்கு எஞ்சினியரிங் தெரியாது. ஆனால் குன்றிலிருந்து இறங்குகிற தண்ணீர் உன் பச்சைக் கலரைப் பார்த்து நிற்காது. ஓடையை ஓடையாகவே விட முடியுமா என்று பார், முடியாவிட்டால் அடியில் வேண்டிய அளவு பெரிய குழாய் போடாமல் ஒரு லாரி மண்கூடக் கொட்டாதே. மண் எடுக்கிற பள்ளங்களைத் திறந்து போடாதே. காங்கிரீட் இறுக ஸ்லாப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறீர்களே, அதைக்கூட வாரத்துக்கு ஒரு தடவை வடித்துக் காயவிடச் சொல். இதெல்லாம் உன் கம்பெனிக்குத் தொந்தரவு என்று தெரியும். இப்போது இந்த ஊரில் எல்லாக் குன்றையும் வெட்டுகிறார்கள், எல்லா ஓடையையும் மூடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் பீகார்க்காரன் கொண்டுவந்தான், ஆந்திராக்காரன் கொண்டுவந்தான் என்கிறார்கள். ஆளைக் கை காட்டினால் ஆளை அனுப்பிவிடலாம், நம் வேலை சுலபமாக முடிந்துவிடும். நான் அப்படி முடித்தவள் என்பதால் சொல்கிறேன்.

நீ கேட்டபடி நான் வந்து பேச மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நடுவில் ஒருத்தி நின்றால் என்ன ஆகும் என்று நான் செய்தே காட்டிவிட்டேன். நீயே போ. உன் தமிழ் உடைசல்தான், அதனால் என்ன, அவர்கள் சிரித்தால் நீயும் சிரி. டீ கொடுத்தால் உட்கார்ந்து குடி. யாருக்காவது காய்ச்சலா என்று முதலில் கேள், இருந்தால் ரத்தம் பார்த்து மருந்து கொடுக்கிற வரைக்கும் வேறு பேச்சு எடுக்காதே. புரியாவிட்டால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேள். கேட்டதை நீ உன் பெரிய சாரிடம் போய்ச் சொல்லும்போது அவர் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்த்தால் வாயில் வார்த்தை தானாக வளையும், எனக்கு அப்படித்தான் வளைந்தது. அவர்கள் முடியாது என்று சொல்லியிருந்தால், நீ முடியாது என்றே போய்ச் சொல்.

அம்மா